கடைவாய்ப்பல்லுக்கு உலோகக் கேப்: குறைகள் என்ன, வேறு எதைப் போடலாம்?

நித்திலம்:
கீழ்வரிசையில் இரண்டாம் கடைவாய்ப்பல்லுக்கு வேர் சிகிச்சை முடிந்திருக்கிறது. அதன்மேல் முழு உலோகக் கேப் போட்டுக்கொள்ளச் சொல்கிறார் மருத்துவர். பின்னால் இருக்கும் பல், யார் கண்ணிலும் படாது, நெடுநாள் உழைக்கும் என்கிறார். எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை. மலிவான கம்மல் போட்டால் என் காது மடல் சிவந்து நீர் கசியும். கைக்கடிகாரத்தின் பின்மூடி படும் இடத்திலும் அரிப்பு வரும். அப்படியிருக்க, வாய்க்குள் இரவும் பகலும் உலோகம் இருந்தால் என்ன ஆகும்? உலோகக் கேப்பின் உண்மையான குறைகள் எவை, வெறும் பயம் எது என்று அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். வெள்ளைக் கேப்களிலும் ஏகப்பட்ட பெயர்கள் சொல்கிறார்கள். எது எதற்கு என்று புரியவில்லை.

செங்கதிர்:
வேண்டாம் என்பதே என் கருத்து. என் மேல்வரிசை முன்பல் ஒன்றில் உள்ளே உலோகமும் மேலே பீங்கானுமாகச் செய்த கேப் இருக்கிறது. புதிதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிறகு ஈறு கொஞ்சம் ஏறியதும் விளிம்பில் பென்சிலால் இழுத்ததுபோல் ஒரு சாம்பல் கோடு தெரிய ஆரம்பித்தது. அழுக்கு என்று நினைத்துத் தேய்க்கிறோம், போகாது. கோடு மட்டுமல்ல. பக்கத்துப் பற்களின் நுனியில் வெளிச்சம் ஊடுருவுகிறது, இதில் மட்டும் ஊடுருவாமல் திரும்பிவிடுகிறது. புகைப்படத்தில் அந்தப் பல் தனியாக நிற்கிறது. வாயைத் திறந்து சிரிப்பதையே நான் குறைத்துக்கொண்டேன். பின்பல் யாருக்குத் தெரியும் என்று மருத்துவர்கள் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். வாய்விட்டுச் சிரிக்கும்போது கீழ்க் கடைவாய்ப்பற்கள் நன்றாகவே தெரியும்.

வார்ப்புக்காரர்:
பல் ஆய்வகத்தில் கேப் செய்வது என் தொழில். உலோகத்தின்மேல் சொல்லப்படும் குறைகளில் பாதி உண்மை. ஆனால் அவை எல்லா உலோகத்துக்கும் பொருந்தாது. தங்கை நித்திலம், உங்கள் மருத்துவரிடம் முதலில் கேட்க வேண்டியது "எந்தக் கலவை?" என்பதுதான். கேட்டால் சொல்லியாக வேண்டிய செய்தி அது. நாங்கள் வாங்கும் ஒவ்வொரு கலவைக்கும் அதில் என்னென்ன தனிமம் எத்தனை சதவீதம் என்று தாள் வருகிறது.

அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் வகைப்பாட்டைத்தான் பெரும்பாலும் எல்லோரும் பின்பற்றுகிறோம். தங்கமும் பிளாட்டினம், பல்லாடியம் போன்றவையும் சேர்ந்து எடையில் 60 சதவீதத்துக்குக் குறையாமல், அதில் தங்கம் மட்டும் 40 சதவீதமாவது இருந்தால் அது உயர்தரக் கலவை. அவை 25 சதவீதமாவது இருந்தால் அடுத்த தரம். அதற்கும் கீழே இருப்பதெல்லாம் சாதாரண உலோகக் கலவை. மலிவான உலோகக் கேப் பெரும்பாலும் இந்தக் கடைசி வகைதான்: நிக்கல்-குரோமியம் அல்லது கோபால்ட்-குரோமியம். நிக்கல்-குரோமியத்தில் பெரும்பங்கு நிக்கல்தான். குரோமியம் மேலே மெல்லிய ஆக்சைடு படலமாக நின்று, உலோகம் கரைந்து அரிபடுவதைத் தடுக்கிறது. குரோமியம் குறைவான கலவையில் அந்தக் காவல் பலவீனம், நிக்கல் அயனிகள் கூடுதலாகக் கசியும்.

பெரிலியம் பற்றியும் சொல்ல வேண்டும். வார்ப்பு எளிதாக ஓடுவதற்காகச் சில நிக்கல் கலவைகளில் சுமார் 2 சதவீதம் வரை அதைச் சேர்த்து வந்தார்கள். கேப் போட்டுக்கொள்பவரைவிட அதைத் தேய்த்து மெருகேற்றுகிற எங்களுக்குத்தான் அது எமன். அந்தத் தூசு நுரையீரலில் தங்கினால் ஆற்ற முடியாத நோய் வரும். இன்று பல் உலோகங்களுக்கான ஐஎஸ்ஓ 22674 என்ற சர்வதேசத் தரப்படி பெரிலியமும் காட்மியமும் 0.02 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. நிக்கல் 0.1 சதவீதத்தைத் தாண்டினால் பொதியில் எழுதியாக வேண்டும். கோபால்ட்டையும் ஐரோப்பிய ஒன்றியம் 2021 அக்டோபர் முதல் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய பொருள்களின் வகையில் சேர்த்திருக்கிறது. நன்றாக மெருகேறிய கேப்பில் இருக்கிற கோபால்ட்டும் காற்றில் மிதக்கும் தூசும் ஒன்றல்ல. ஆனாலும் உறிஞ்சுகுழாய் இல்லாத மேசையில் உட்கார்ந்து அதைத் தேய்க்கும் இளைஞர்களை நினைத்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. மலிவு விலைக்கான தொகையை அவர்கள்தான் கட்டுகிறார்கள்.

செங்கதிர் சொன்ன சாம்பல் கோட்டுக்கு வருகிறேன். பீங்கான் கேப்பில் உலோகச் சட்டத்தின் நிறத்தை மறைக்க முதலில் ஒளிபுகாத வெள்ளைப் பூச்சு ஒன்று கொடுப்போம். அதன்மேல்தான் பல் நிறப் பீங்கான். விளிம்பில் இவை எல்லாவற்றுக்கும் இடமிருக்காது. உலோகம், பூச்சு, பீங்கான் மூன்றும் ஒரு மில்லிமீட்டருக்குள் அடங்க வேண்டும். பல்லைப் போதுமான அளவு செதுக்காமல் அளவு அனுப்பினால், ஒன்று கேப் குண்டாகும், இல்லையென்றால் பூச்சு வெளியே பளிச்சென்று தெரியும். முன்பக்க விளிம்பை மட்டும் உலோகமில்லாமல் முழுப் பீங்கானில் முடிக்கிற முறை இருக்கிறது. கூடுதல் வேலை என்பதால் பலர் கேட்பதில்லை.

ஈறுகாவலர்:
நான் பல் மருத்துவர். வார்ப்புக்காரர் ஐயா சொன்னதோடு சிலவற்றைச் சேர்க்கிறேன்.

நித்திலம், நீங்கள் விவரிப்பது நிக்கல் ஒவ்வாமையின் வழக்கமான அறிகுறி. காது குத்திக்கொண்ட பெண்களிடம் இது கூடுதல். தோல் மருத்துவரிடம் ஒட்டுப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். நிக்கல் சல்பேட்டை முதுகில் ஒட்டி இரண்டு நாள் விட்டு எடுத்து, பிறகும் சில நாள் கழித்துப் பார்ப்பார்கள். ஒரு விஷயம்: தோலில் நிக்கல் ஒவ்வாத பலருக்கு வாயில் ஒன்றும் நேர்வதில்லை. உமிழ்நீர் ஓயாமல் கழுவிக்கொண்டே இருக்கிறது. ஆனால் யாருக்கு வரும், யாருக்கு வராது என்று முன்கூட்டியே சொல்ல வழியில்லை. வந்தால் கேப்பைச் சுற்றி ஈறு மட்டும் சிவந்து தடிக்கும், எரியும். கேப் உரசும் கன்னத்தின் உட்புறத்தில் வலைப்பின்னலாக வெள்ளைக் கோடுகள் தோன்றலாம். கையில் கரப்பான் என்னும் தோல் அழற்சி கிளம்புவதும் உண்டு. பரிசோதனையில் நிக்கல் என்று வந்துவிட்டால் நிக்கல் கலவையைப் பற்றிய பேச்சே வேண்டாம். மாற்று இருக்கும்போது சூதாட எந்த அவசியமும் இல்லை.

செங்கதிர், உங்கள் கோட்டுக்கு உலோகம் மட்டும்தான் காரணமா என்று பாருங்கள். வேர் சிகிச்சை செய்த பல்லின் வேர் நாளடைவில் கறுக்கும். ஈறு மெல்லியதாக இருந்தால் அந்த நிழல் வெளியே தெரியும். அப்படியானால் கேப்பை மட்டும் வெள்ளையாக மாற்றிப் பயனில்லை. அதே கறுப்பு, புதிய கேப்பின் மேலேயும் தெரியும். ஒளி ஊடுருவும் பீங்கான் போட்டால் நிலைமை இன்னும் மோசமாகும், கறுத்த பல் உள்ளிருந்தே எட்டிப் பார்க்கும். பல்லின் உள்ளே வைத்து வெளுக்கச் செய்துவிட்டுப் பிறகு மாற்ற வேண்டும்.

இரவுக்கடி:
தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பவன் நான். பீங்கான் பூசிய உலோகக் கேப்பின் இன்னொரு குறையை நான் சொல்கிறேன். முனையில் ஒரு சில்லுப் பெயர்ந்துவிட்டது. கேப் விழவில்லை, உள்ளே உலோகச் சட்டம் உறுதியாக நிற்கிறது. ஆனால் பெயர்ந்த விளிம்பு நாக்கை அறுக்கிறது, நடுவில் சாம்பல் நிறம் தெரிகிறது. வாய்க்குள் வைத்தே ஒட்டித் தருவதாகச் சொல்லி ஒட்டினார்கள், அதுவும் போய்விட்டது. இப்போது ஜிர்கோனியா என்ற உறுதியான வெள்ளைப் பீங்கான் வகையைப் போடச் சொல்கிறார்கள். அது இரும்பைவிட உறுதி, எதிர்ப்பல்லைத் தேய்த்தே தீர்த்துவிடும் என்று இன்னொருவர் பயமுறுத்துகிறார். எது உண்மை?

வார்ப்புக்காரர்:
தம்பி, முதலில் சில்லு ஏன் பெயர்கிறது என்று பாருங்கள். உலோகம் சூட்டில் விரிவதும் பீங்கான் விரிவதும் ஏறக்குறைய ஒத்துப்போக வேண்டும். உலோகம் ஒரு துளி கூடுதலாகச் சுருங்கிப் பீங்கானை இறுக்கிப் பிடிக்க வேண்டும். இணை பொருந்தாத கலவையும் பீங்கானும் சேர்ந்தால் வெளியே தெரியாத விரிசல் அன்றே உட்கார்ந்துவிடும். சட்டம் தாங்காத இடத்தில் பீங்கானைத் தடிப்பாக அடுக்கினாலும் பெயரும். உங்களைப்போல் கடிப்பவர்களுக்கு மேற்பூச்சு இல்லாத ஒரே கட்டி ஜிர்கோனியாதான் நல்லது. பெயர்ந்து விழத் தனி அடுக்கு கிடையாது.

ஜிர்கோனியா எங்களிடம் வரும்போது வட்டத் தகடாக, மென்மையாக இருக்கும். தொட்டால் விரலில் வெள்ளைப் பொடி ஒட்டும். அந்த நிலையில்தான் இயந்திரம் அதைக் கடைகிறது, அதுவும் வேண்டிய அளவைவிடப் பெரிதாக. பிறகு சுமார் 1500 டிகிரி செல்சியஸ் உலையில் சுடும்போது 20 முதல் 25 சதவீதம் சுருங்கிச் சரியான அளவுக்கு வரும். உலையிலிருந்து எடுத்தபின் வைர முனை இல்லாமல் அதைத் தொட முடியாது. உறுதிக்குக் காரணம் அதன் படிக அமைப்பு. விரிசல் ஓடத் தொடங்கும் இடத்தில் படிகங்கள் உருமாறிச் சற்றே பருத்து, விரிசலின் வாயை நெருக்கி மூடுகின்றன.

எதிர்ப்பல் தேய்வது பற்றி: கடினம் என்பதால் மட்டும் ஒரு பொருள் எதிரில் உள்ளதைத் தேய்த்துவிடாது. சொரசொரப்புத்தான் தேய்க்கிறது. கண்ணாடிபோல் மெருகேறிய ஜிர்கோனியா எதிர்ப்பல்லின் எனாமலுக்குப் பூச்சுப் பீங்கானைவிடக் குறைவான சேதமே செய்கிறது. தொல்லை எப்போது வருகிறது என்றால், கடி உயர்ந்திருக்கிறது என்று மருத்துவர் நாற்காலியிலேயே வைர முனையால் தேய்த்துவிட்டு, மெருகேற்றாமல் ஒட்டிவிடும்போது. அப்போது அது அரம்தான்.

செங்கதிர்:
உலோகமே இல்லாத காலம் வந்துவிட்டது என்பதைத்தான் நானும் சொல்கிறேன். லித்தியம் டைசிலிகேட் என்ற கண்ணாடிப் பீங்கான் எவ்வளவு இயற்கையாக இருக்கிறது! எல்லாப் பல்லுக்கும் அதையே போட்டால் என்ன?

ஈறுகாவலர்:
முன்பல்லுக்கும் முன்கடைவாய்ப்பல்லுக்கும் அதைப்போல் அழகானது இன்று வேறில்லை. கடைசிக் கடைவாய்ப்பல்லுக்கு நான் தயங்குவேன். அதன் வளைவு வலிமை, அதாவது வளைக்கும்போது உடையாமல் தாங்கும் அளவு, 360 முதல் 500 மெகாபாஸ்கல் வரை. இட்ரியா என்ற நிலைப்படுத்தும் ஆக்சைடு மூன்று சதவீதம் கலந்த ஜிர்கோனியாவுக்கு 900க்கு மேல். இங்கே இன்னொரு கண்ணி இருக்கிறது: ஜிர்கோனியா எல்லாம் ஒன்றல்ல. ஒளி கூடுதலாக ஊடுருவ வேண்டும் என்பதற்காக இட்ரியாவை ஐந்து சதவீதமாக்கிய வகை, பார்க்க அழகு, வலிமையில் பழையதைவிட மிகவும் குறைவு. "ஜிர்கோனியா போட்டிருக்கிறேன், உடையாது" என்று நம்பிக்கொண்டிருப்பவர் எந்த ஜிர்கோனியா என்று கேட்டிருக்கவே மாட்டார்.

ஒட்டும் முறையும் வேறு. லித்தியம் டைசிலிகேட்டின் உட்புறத்தை ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தால் அரித்து, சிலேன் என்ற இணைப்புத் திரவம் தடவி, பிசின் சிமென்ட்டால் ஒட்டினால் பல்லோடு ஒன்றாகிவிடும். ஜிர்கோனியாவை அந்த அமிலம் அரிக்காது. அலுமினா மணலைப் பீய்ச்சி, எம்டிபி என்ற ஒட்டும் வேதிப்பொருள் கலந்த பூச்சுக் கொடுத்தால்தான் பிடிக்கும். பொருத்திப் பார்க்கும்போது எச்சில் பட்டுவிட்டால் உட்புறத்தை மறுபடி சுத்தம் செய்ய வேண்டும். தண்ணீரில் கழுவினால் மட்டும் போதாது, எச்சிலின் பாஸ்பேட் ஜிர்கோனியாவை விடாமல் பற்றிக்கொள்ளும். உயரமான பல்லில் கேப் தன் பிடியிலேயே நிற்கும். குட்டையான பல்லில் இந்தப் படிகளில் ஒன்று தப்பினாலும் கழன்றுவிடும்.

குட்டைப் பல்லில்தான் உலோகத்தின் அருமை தெரியும். வார்த்த தங்கக் கேப்புக்கு மேற்பரப்பில் 1 முதல் 1.5 மில்லிமீட்டர், விளிம்பில் அரை மில்லிமீட்டர் செதுக்கினால் போதும். பீங்கான் பூசிய உலோகத்துக்கு மேற்பரப்பில் 2 மில்லிமீட்டர் வரை போகும். ஒரே கட்டி ஜிர்கோனியா தங்கத்தின் கணக்குக்கு அருகே வந்துவிட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தங்கக் கலவையின் விளிம்பைப் பல்லோடு அழுத்தி மெருகேற்றினால் ஆய்வூசி தடுக்காது. எதிர்ப்பல்லையும் அது பெரிதாகத் தேய்க்காது. என் வாயில் கடைசிப் பல்லுக்கு வேண்டுமென்றால் நான் தங்கத்தைத்தான் கேட்பேன். செதுக்கிய பல் திரும்ப வளராது என்பதால் இதில் எனக்குப் பிடிவாதம் உண்டு.

இருபிள்ளைத்தாய்:
பிள்ளைகளின் பால்பல்லுக்குப் போடும் எஃகுக் கேப்பையும் இதே தராசில் வைக்கிறீர்களா? என் இளையவனுக்கு இரண்டு பால் கடைவாய்ப்பற்களில் அதுதான் இருக்கிறது. பள்ளியில் கேலி செய்வார்களோ என்று கவலை.

ஈறுகாவலர்:
அம்மா, அது வேறு கணக்கு. அந்தக் கேப் ஆய்வகத்தில் செய்வதல்ல. ஆயத்த அளவுகளில் வருவது. ஸ்காட்லாந்தின் பல் மருத்துவர் நோர்னா ஹால் பெயரால் வழங்கும் முறையில் பல்லைக் குடைவதே இல்லை, மரத்துப்போகும் ஊசியும் இல்லை. சொத்தைக்கு மேலேயே கேப்பைச் சிமென்ட்டோடு அழுத்திப் பொருத்துவோம். உள்ளே அடைபட்ட கிருமிகளுக்கு உணவு கிடைக்காமல் சொத்தை அடங்கிவிடும். முதல் சில நாள் கடி உயர்ந்ததுபோல் பிள்ளை சொல்லும், சில வாரங்களில் தானாகச் சரியாகும். பல் விழும்போது கேப்பும் அதோடு போய்விடும். பிள்ளைகளுக்கு வெள்ளை ஜிர்கோனியாவும் உண்டு, ஆனால் அதற்குப் பல்லை நிறையச் செதுக்க வேண்டும், அசையாமல் உட்காரும் பிள்ளை வேண்டும். எஃகிலும் நிக்கல் உண்டு என்பதால் மகனுக்கு நிக்கல் ஒவ்வாமை இருப்பது தெரிந்திருந்தால் சொல்லிவிடுங்கள். மற்றபடி கவலை வேண்டாம்.

கதிர்ப்படக்காரன்:
படம் எடுக்கும் பக்கத்திலிருந்து ஒரு சொல். உலோகக் கேப் உள்ளவர்கள் எம்ஆர்ஐ எடுக்கக் கூடாது என்று பரவியிருக்கும் பேச்சு தவறு. ஒட்டிய கேப் கழன்று பறக்காது. கோபால்ட்-குரோமியமும் எஃகும் வாயைச் சுற்றிய படத்தைச் சிதைக்கும், தங்கம் அதைவிடக் குறைவு, ஜிர்கோனியா மிகக் குறைவு. மூளையின் மேற்பகுதியோ முழங்காலோ எடுக்க எந்தத் தடையும் இல்லை. பற்களுக்கான முப்பரிமாண எக்ஸ்ரே எடுக்கும்போதோ நிலைமை வேறு. அதில் ஜிர்கோனியாவும் உலோகம் மாதிரியே வரிவரியாகக் கோடுகளை அள்ளித் தெளிக்கிறது. கேப்புக்கு உள்ளே சொத்தை விழுந்தால் சாதாரண எக்ஸ்ரேயில் இரண்டுமே மறைத்துவிடும். விளிம்பு மட்டுமே தெரியும். இந்த வகையில் வெள்ளைக்கு மாறினால் எல்லாம் தெரியும் என்று நினைக்க வேண்டாம்.

இரவுக்கடி:
அப்படியானால் வேர் சிகிச்சையை மறுபடி செய்ய நேர்ந்தால்?

ஈறுகாவலர்:
உலோகத்தைத் துளைக்கலாம், பொறுமை வேண்டும். கழற்ற வேண்டுமானால் ஒரு பக்கம் பிளந்து விரித்து எடுத்துவிடலாம். ஜிர்கோனியாவைத் துளைக்கும்போது வைர முனைகள் மளமளவென்று மழுங்கும், நிறையத் தண்ணீர் பீய்ச்ச வேண்டும், சூடேறினால் விரிசல் விடும். நன்றாக ஒட்டிய ஜிர்கோனியாவைக் கழற்றுவது எங்கள் தொழிலில் யாரும் விரும்பாத வேலை. அதனால் வேர் சிகிச்சையில் சந்தேகம் மிச்சமிருக்கும்போது தற்காலிகக் கேப்போடு சில காலம் காத்திருப்பது நல்லது.

நித்திலத்திடம் இதுவரை யாரும் கேட்காத ஒன்றைக் கேட்கிறேன். உங்கள் பல்லில் எத்தனை சுவர்கள் மிச்சமிருக்கின்றன? நன்றாக மிச்சமிருந்தால் முழுக் கேப்பே வேண்டாம். கடிக்கும் முனைகளை மட்டும் மூடும் பாதிக் கேப் போதும், அதைத் தங்கத்திலும் செய்யலாம், பீங்கானிலும் செய்யலாம். ஈறோரத்தில் செதுக்காமல் தப்பிக்கலாம். பிசின் கலந்த பீங்கான் கட்டிகளிலும் செய்கிறார்கள். அவை முழுக் கேப்பாகப் போட்டால் கழன்று வந்துவிடும் தொல்லை உண்டு. ஒரு தயாரிப்பு நிறுவனம் 2015-இல் தன் கட்டியை முழுக் கேப்புக்குப் பயன்படுத்த வேண்டாம் என்றே அறிவித்துவிட்டது.

வார்ப்புக்காரர்:
இன்னொன்று. அந்தப் பல்லுக்கு எதிரிலோ அடுத்தோ பழைய வெள்ளி அடைப்பு இருக்கிறதா? இரண்டு வேறு உலோகங்கள் உமிழ்நீரில் தொட்டுக்கொண்டால் சிறு மின்னோட்டம் பாயும். புதிதில் சுரீரென்று ஒரு வலியும் வாயில் உலோகச் சுவையும் வரும். உங்கள் பல்லில் நரம்பை எடுத்துவிட்டதால் அந்தப் பல்லில் தெரியாது, எதிரில் உயிருள்ள பல்லில் தெரியலாம். பெரும்பாலும் தானாகக் குறையும்.

நித்திலம்:
எல்லோருக்கும் நன்றி. ஒட்டுப் பரிசோதனை செய்துகொண்டேன். நிக்கலுக்கு ஒவ்வாமை உறுதியாகிவிட்டது, கோபால்ட்டுக்கு இல்லை. தாளை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போய் "எந்தக் கலவை போடுவதாக இருந்தீர்கள்?" என்று கேட்டேன். ஆய்வகத்துக்குப் போன் செய்தார். நிக்கல்-குரோமியம். அவர் முகம் மாறிவிட்டது. இனி எல்லோரிடமும் கம்மலைப் பற்றிக் கேட்பதாகச் சொன்னார்.

என் பல்லில் நாக்குப் பக்கச் சுவர் உடைந்து போயிருக்கிறது. பாதிக் கேப்புக்கு வழியில்லை. பல் குட்டைதான், ஆனால் சுற்றிலும் 2 மில்லிமீட்டர் நல்ல பல் நிற்கிறது என்று அளந்து காட்டினார். உயர்தரத் தங்கக் கலவை, மூன்று சதவீத இட்ரியா கலந்த ஜிர்கோனியா இரண்டையும் முன்னே வைத்தார். ஈறுகாவலர் அம்மாவின் வாதம் எனக்குப் பிடித்திருந்தாலும் தங்கம் என் கைக்கு எட்டாது. ஜிர்கோனியா என்று முடிவு செய்திருக்கிறோம். செங்கதிர் மகிழ்வார் என்று நினைக்கிறேன்.

செங்கதிர்:
மகிழ்ச்சிதான். நானும் வேர் கறுத்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

வார்ப்புக்காரர்:
நல்ல முடிவு. பொருத்தும் நாளில் இரண்டைக் கவனியுங்கள். ஒட்டுவதற்கு முன் கேப்பை வைத்துக் கடிக்கச் சொல்லி நீலத்தாளில் கடியைப் பார்ப்பார்கள். தேய்க்க வேண்டியிருந்தால் வெளியே எடுத்துத் தேய்த்து, ஜிர்கோனியாவுக்கான ரப்பர் முனைகளால் படிப்படியாக மெருகேற்றியபின் ஒட்டச் சொல்லுங்கள். நேரமில்லை என்றால் ஆய்வகத்துக்குத் திருப்பி அனுப்பச் சொல்லுங்கள், நாங்கள் செய்து தருவோம். இரண்டாவது, தகடு எந்த வகை, எந்தத் தொகுதி என்று ஆய்வகம் தரும் அட்டையை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். பின்னாளில் அந்தக் கேப்பைத் துளைக்கவோ கழற்றவோ வேண்டிய மருத்துவர் முதலில் தேடுவது அதைத்தான்.